சுவர் வெடிப்பிலும் சேற்றுத் தண்ணீரிலும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நாட்டுக்கோழி இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறித் திரியும் கோழிகள் பொழுது சாய்ந்ததும் கூண்டிலோ மாட்டுக் கொட்டகை மூலையிலோ அடைகின்றன. எல்லாம் அடங்கிய பிறகு, பூச்சு உதிர்ந்த சுவர் வெடிப்புகளிலிருந்தும் கூண்டுக் கட்டையின் இடுக்குகளிலிருந்தும் கோழி உண்ணிகள் இறங்கி வருகின்றன. ஒரு சென்டிமீட்டரை எட்டாத நீளம், தட்டையான உடல், சுருக்கம் விழுந்த தோல். கோழியின் மேல் ஏறி அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, விடிவதற்குள் வந்த வழியே வெடிப்புக்குள் போய்விடும். காலையில் கோழியைத் தூக்கி இறகை விலக்கிப் பார்ப்பவர் கண்ணில் பெரிய உண்ணி ஒன்றும் சிக்காது. பொரிந்து வந்த இளம் உண்ணிகள் மட்டும்தான் சில நாள் தோலோடு ஒட்டிக் கிடக்கும். கோழி கிடைக்காத காலத்திலும் கவலையில்லை. வளர்ந்த உண்ணி ஒன்று ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. கோழியை எல்லாம் விற்றுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே கூண்டில் புதுக் குஞ்சுகளை விட்டால், பழைய விருந்தாளிகள் அங்கேயே காத்திருப்பார்கள்.

கடித்த சில நாட்களில் கோழி தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுகிறது. உடம்பு கொதிக்கிறது, கொண்டை வெளிறுகிறது, பச்சையாகக் கழிகிறது, கால் விழுந்துவிடுகிறது. சில கோழிகள் நாலைந்து நாளில் செத்துப்போகின்றன. வீட்டார் இதையும் 'கழிச்சல்' கணக்கில்தான் சேர்ப்பார்கள். அதில் தவறு காணவும் முடியாது, ஏனென்றால் நாட்டுக்கோழியைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது பெரும்பாலும் வைரஸால் வரும் வெள்ளைக்கழிச்சல்தான். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் பல்லாண்டாக அதைத் தயாரித்துவருகிறது. ஆனால் அந்த ஊசி போட்ட கோழியும் உண்ணி கடித்தால் விழும். காய்ச்சலில் கிடக்கும் கோழியின் ஒரு சொட்டு ரத்தத்தை, பின்புலம் கறுப்பாகத் தெரியும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரிந்துவிடும். ரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, மெல்லிய வெள்ளிச் சுருள்கள் நெளிந்து ஓடும்.

அந்தச் சுருள்களின் பெயர் பொரீலியா அன்செரினா. ஸ்பைரோகீட் எனப்படும் திருகு வடிவ பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1891இல் காகசஸ் பகுதியில் நோயுற்ற வாத்துகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டவர் சகாரோவ். 1903இல் பிரேசிலில் மார்ஷூவும் சலிம்பெனியும், கோழிக்கு இதைக் கொண்டுபோவது கோழி உண்ணிதான் என்று நிரூபித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து இந்தக் கோழி நோய்க்கு எதிர்பாராத மரியாதை ஒன்று கிடைத்தது. ஜெர்மனியில் பால் எர்லிக்கின் ஆய்வகத்தில், சஹாசிரோ ஹடா என்ற ஜப்பானியர் ஆர்செனிக் சேர்மங்களை ஒவ்வொன்றாக விலங்குகளில் சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட நோய்களில் ஒன்று முயலின் சிபிலிஸ், ஒன்று எலிகளுக்குக் கொடுத்த மீள்காய்ச்சல், இன்னொன்று இந்தக் கோழிக் காய்ச்சல். மூன்றுமே ஸ்பைரோகீட் நோய்கள். 606 என்ற எண்ணிட்ட சேர்மம் மூன்றிலும் வேலை செய்தது. 1910இல் சால்வர்சான் என்ற பெயரில் அது கடைக்கு வந்தபோது, மனிதனின் சிபிலிஸுக்கு முதன்முறையாக ஒரு நல்ல மருந்து கிடைத்தது. அந்த வரலாற்றில் சேவலுக்கும் பங்கு உண்டு என்பதை மருத்துவப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மற்ற பாக்டீரியாக்களிலிருந்து ஸ்பைரோகீட்டைப் பிரித்துக் காட்டுவது அதன் நடை. நீந்துகிற பாக்டீரியாக்களில் பலவற்றுக்குச் சவுக்கு போன்ற இழை உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பைரோகீட்டுக்கு அந்த இழைகள் உள்ளே, இரண்டு சவ்வுகளுக்கு நடுவே சுற்றிக் கிடக்கின்றன. அவை சுழலும்போது உடம்பு முழுவதுமே முறுக்கிய கம்பியாகத் திரும்பி முன்னேறுகிறது. தண்ணீரில் நீந்த இது பெரிய வசதியில்லை. கூழ்போலக் கெட்டியான இடத்தில்தான் இதன் அருமை தெரியும். தோலுக்கு அடியில், தசைக்கு நடுவில், மூட்டுச் சவ்வில், மற்ற பாக்டீரியாக்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் இது நுழைந்து போகும். இவற்றில் பொரீலியாக்கள் விஷம் என்று சொல்லத்தக்க எதையும் தயாரிப்பதாக இதுவரை காணப்படவில்லை. அவை உடம்புக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பங்கு, அவற்றைக் கண்டு உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் அழற்சி. ஆகவே ஸ்பைரோகீட் ஆராய்ச்சியில் சுவையான கேள்வி, அது எதை அழிக்கிறது என்பதைவிட, எந்த வழியாக வருகிறது, வந்து எங்கே ஒளிகிறது என்பதுதான்.

கோழி உண்ணி மென்தோல் உண்ணி வகை. மாட்டின் காதிலும் மடியிலும் மிளகாகக் கொத்துக்கொத்தாகத் தொங்குவது கடினத்தோல் வகை. இரண்டுக்கும் சாப்பாட்டு முறையே வேறு. கடினத்தோல் உண்ணி ஓரிடத்தில் வாயைப் பதித்தால் நாட்கணக்கில் எடுக்காது. கடிபடுகிற உயிருக்கு அது தெரியாமல் இருக்க, எச்சிலில் ஒரு மருந்துக்கடையே வைத்திருக்கிறது. வலி தெரியாமல் செய்யும் பொருள், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள், கடிவாயைச் சுற்றி வெள்ளையணுக்கள் கூடாமல் பார்த்துக்கொள்ளும் பொருள் எல்லாம் அதில் உண்டு. உண்ணி தன் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் பாக்டீரியா ஓசிப் பயணம் செய்கிறது.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது அமெரிக்காவின் லைம் நோயில். 1975 வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் குழந்தைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது. காரணமான ஸ்பைரோகீட்டை 1980களின் தொடக்கத்தில் மான் உண்ணியின் குடலில் கண்டவர் வில்லி பர்க்டார்ஃபர். அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பசியோடிருக்கும் உண்ணியின் குடலில் இந்தக் கிருமி, ஓஎஸ்பி-ஏ என்ற புரதத்தை மேலே போர்த்திக்கொண்டு குடல் சுவரைப் பிடித்தபடி சும்மா இருக்கிறது. சூடான ரத்தம் உள்ளே வந்ததும் அந்தப் புரதத்தைக் குறைத்து, ஓஎஸ்பி-சி என்ற வேறொன்றைப் போர்த்திக்கொள்கிறது. பிடி தளர்கிறது, குடலை விட்டு எச்சில் சுரப்பிக்குப் போகிறது. அங்கே உண்ணியின் எச்சிலில் உள்ள சால்ப்-15 என்ற புரதம் அதன்மேல் படிகிறது என்று 2005இல் யேல் பல்கலைக்கழகக் குழு காட்டியது. உண்ணி தனக்காகச் சுரந்த கவசம், மனித உடம்பின் எதிர்ப்பொருளிலிருந்து பாக்டீரியாவைக் காக்கிறது. இத்தனையும் நடந்து முடிய ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் அங்கே காட்டுக்குள் போய்வந்தவர்களை, அன்றன்றைக்கே உடம்பைத் தேடி உண்ணியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். கோழி உண்ணியிடம் அந்தச் சலுகை கிடையாது. அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிடும் ஒன்றைப் பார்த்துப் பிடுங்குவது எப்படி?

உத்திரமேரூரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரலாம். தினமும் மாட்டு உண்ணியோடு புழங்குகிறோமே, நமக்கு லைம் வராதா? வரக் காரணமில்லை. லைம் கிருமியைச் சுமப்பவை குளிர்ந்த காடுகளில் வாழும் வேறு இன உண்ணிகள். நம் ஊர் மாட்டு உண்ணிகளில் முக்கியமான இனம் குஞ்சுப் பருவத்திலிருந்து முட்டைக்குத் தயாராகும் வரை ஒரே மாட்டின்மேல் காலம் தள்ளுவது. இடையில் இறங்கி மனிதரைத் தேடுவதில்லை. மாட்டுக்குத்தான் அதனால் ஆபத்து. கலப்பினப் பசுக்கள் ரத்தமாகச் சிறுநீர் கழித்துச் சாய்வது, அது கொண்டுவரும் பேபீசியாவால். ஆனால் பேபீசியா ஸ்பைரோகீட் இல்லை, புரோட்டோசோவா வகை ஓரணு உயிரி. அது வேறு கதை.

மனிதருக்கு வரும் பொரீலியா நோய் இந்தியாவில் ஒரு காலத்தில் பேயாட்டம் ஆடியிருக்கிறது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சேர்த்தே சூறையாடியது. பஞ்சம் பிழைக்கப் பம்பாய்க்குள் குவிந்த கூட்டத்தில் மீள்காய்ச்சல் பரவியது. ஐந்தாறு நாள் கொளுத்தும், திடீரென்று வியர்த்து விட்டுவிடும், பிழைத்தோம் என்று எழுந்து உட்கார்ந்தவரை ஒரு வாரம் கழித்து மறுபடி தள்ளும். அதே காய்ச்சலில் ஜெர்மானியர் ஓபர்மையர் ஏற்கெனவே கண்டு 1873இல் வெளியிட்டிருந்த சுருள் கிருமியைப் பம்பாய் நோயாளிகளின் ரத்தத்தில் தேடிக் கண்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் கிரேயின் உடற்கூறியல் நூலுக்கு முதலில் படம் வரைந்தவரும் இவரே. படத்துக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவருடைய பஞ்சக் காய்ச்சல் ஆராய்ச்சிக்குக் கிடைக்கவில்லை. 1907இல் நாசிக்கில் மெக்கீ, இந்தியாவில் இதைப் பரப்புவது சீலைப்பேன் என்று காட்டினார். இதே வகைக் காய்ச்சலை ஆப்பிரிக்காவில் மென்தோல் உண்ணி பரப்புகிறது என்று அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆய்வைச் செய்த ஜோசப் டட்டன் 1905இல் காங்கோவில் அந்தக் காய்ச்சலிலேயே இறந்துபோனார்.

காய்ச்சல் ஏன் விட்டு விட்டு வருகிறது? உடம்பு ஒரு வாரத்தில் எதிர்ப்பொருள் தயாரித்துக் கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடுகிறது. அதற்குள் ஒன்றிரண்டு கிருமிகள் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டிருக்கும். பழைய எதிர்ப்பொருளுக்கு அவை புதியவர்கள். அவை பெருகும்போது அடுத்த காய்ச்சல். 1982இல் அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் ஆய்வகத்தில் ஹெர்பர்ட் ஸ்டோனர் குழு, ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கி எலிகளில் வளர்த்தது. அந்த ஒன்றின் சந்ததி 24 விதமான மேலுறைகளைக் காட்டியது. அத்தனைக்கும் உரிய மரபணுப் படிகளை அது பேசாமல் மடித்து வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே எடுக்கும்.

இன்றைக்கு மீள்காய்ச்சல் நம் பக்கத்தில் கேள்விப்படாத ஒன்றாகிவிட்டது. கோழிகளை உண்ணி தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. மனிதரைப் பிடிக்கும் ஸ்பைரோகீட் வேறொரு வழியில் வருகிறது. அதற்கு உண்ணியே தேவையில்லை.

உத்திரமேரூரின் புகழ், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அதில், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய குழுக்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக்குழு வேண்டியிருந்த ஊர் அது. பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இன்றும் ஊரின் பெரிய ஏரி. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்ப, மதகு திறந்து கழனிக்குத் தண்ணீர் பாய, சேடை ஓட்டி நாற்று நடும் வேலை ஆயிரம் வருடமாக நடந்துவருகிறது. எருமை புரண்ட தண்ணீரில் ஆள் இறங்கி வேலை செய்வதும், வரப்பு வளையில் எலி குடியிருப்பதும் அதே ஆயிரம் வருடப் பழக்கங்கள். லெப்டோஸ்பைரா என்ற ஸ்பைரோகீட்டுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது.

லெப்டோஸ்பைரா ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பருமன்தான். இரு முனையும் கொக்கியாக வளைந்திருக்கும். 1907இல் அமெரிக்காவில் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் இதைக் கண்டு, கேள்விக்குறிபோல் இருக்கிறதென்று 'இன்டெரோகன்ஸ்' என்று பெயரிட்டார். அது எந்த நோயின் கிருமி என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1915இல் ஜப்பானின் கியூஷூ தீவில், ஈரச் சுரங்கத்தில் வேலை செய்த நிலக்கரித் தொழிலாளர்களுக்கு வந்த காமாலைக் காய்ச்சலிலிருந்து இனாடாவும் இடோவும் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் எலியின் சிறுநீரகத்திலும் அது கிடைத்தது. லெப்டோஸ்பைரா என்று பெயர் சூட்டிய ஹிடேயோ நொகுச்சியோ, மஞ்சள் காய்ச்சலுக்கும் இந்த இனம்தான் காரணம் என்று நம்பி உலகத்தைச் சில வருடம் திசைதிருப்பினார். மஞ்சள் காய்ச்சல் வைரஸால் வருவது. அந்தக் காய்ச்சலை ஆராய ஆப்பிரிக்கா போன நொகுச்சி 1928இல் அக்ராவில் அதற்கே பலியானார். இந்தியாவில் முதல் உறுதியான சான்று அந்தமானிலிருந்து வந்தது. காடு வெட்டிய கைதிகளிடமிருந்து டெய்லரும் கோயலும் கிருமியை வளர்த்தெடுத்து 1931இல் வெளியிட்டார்கள்.

எலியின் உடம்பில் இது நோயாகவே இருப்பதில்லை. சிறுநீரகத்தில் சிறுநீர் வடியும் நுண்குழாய்களின் உட்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்புப் படைகள் அதிகம் எட்டிப்பார்க்காத மூலை அது. எலி நன்றாகச் சாப்பிட்டு, குட்டி போட்டு, ஓடியாடித் திரிகிறது. அதன் ஒவ்வொரு சொட்டுச் சிறுநீரிலும் கிருமி லட்சக்கணக்கில் இறங்குகிறது. பெருச்சாளி, மாடு, பன்றி, நாய் எல்லாமே இப்படிச் சுமக்கின்றன. வெயிலில் காய்ந்த மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈரச் சேற்றில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

உள்ளே வர அதற்கு ஒரு கீறல் போதும். நடவுக் காலத்தில் நாளெல்லாம் சேற்றில் நிற்பவர்களின் கால்விரல் இடுக்குகளைப் பார்த்தால் கதவு எங்கே இருக்கிறதென்று தெரியும். தோல் வெளுத்து ஊறி, பிளந்து, சேற்றுப்புண்ணாகியிருக்கும். இரவில் மஞ்சளையோ மருதாணியையோ அரைத்துப் பூசிக்கொண்டு காலையில் அதே காலோடு மறுபடி கழனியில் இறங்குவார்கள். ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லும் சுவரொட்டிகளை எழுதுகிறவர் நாற்று நட்டிருக்க மாட்டார். முழங்கால் சேற்றில் பூட்ஸ் அங்கேயே நிற்கும், கால் மட்டும்தான் வெளியே வரும். எலி வளையை வெட்டிக் கையை விட்டு எலி பிடிக்கும் இருளர்களுக்குக் கையே கதவு. தெறிக்கும் தண்ணீர் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் போதும்.

தோலைக் கடந்த கிருமி நிமிடங்களில் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. இங்கே மனித உடம்பின் ஒரு குருட்டுப்புள்ளி அதற்கு உதவுகிறது. பல பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள கொழுப்பு-சர்க்கரைப் பொருளை நம் அணுக்களின் டிஎல்ஆர்-4 என்ற உணர்கருவி மோப்பம் பிடித்து உடனே மணியடிக்கும். லெப்டோஸ்பைராவின் மேலுறையை மனிதனின் டிஎல்ஆர்-4 அடையாளம் காண்பதில்லை. சுண்டெலியின் டிஎல்ஆர்-4 காண்கிறது என்று பாரிஸின் பாஸ்டர் நிலைய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுண்டெலிக்கு முன்னெச்சரிக்கை கிடைத்து, கிருமியை ஒரு மூலையில் அடக்கிவைத்துச் சமாளிக்கிறது. நமக்கு எச்சரிக்கை தாமதமாகத்தான் கிடைக்கிறது; அதற்குள் கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் வரை போயிருக்கும். போதாக்குறைக்கு, நம் ரத்தத்தில் சொந்த அணுக்களைக் காக்கும் 'ஃபேக்டர் எச்' என்ற புரதத்தைக் கிருமி தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, நானும் இந்த வீட்டு ஆள்தான் என்று காட்டிக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இது சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். சிலருக்குக் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரைப் பிடித்து 59,000 பேரைக் கொல்கிறது என்பது 2015இல் வெளியான மதிப்பீடு.

காய்ச்சல் விட்டுப் போன பிறகும் கிருமியின் கதை முடிவதில்லை என்பதற்கு உலகம் பேசும் சான்று மதுரையிலிருந்து வந்தது. 1993 மழைக்காலத்தில் மதுரையில் பெருவெள்ளம். 1994இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண் சிவந்து, பார்வை மங்கி, ஒளியைப் பார்க்கக் கூசும் நோயாளிகள் வழக்கத்துக்கு மீறி வந்தார்கள். கண்ணின் நடுப்படலம் அழற்சியால் வீங்கும் யுவைடிஸ் அது. யுவைடிஸ் ஒன்றும் புதிதல்ல. இப்படிக் கூட்டமாக வருவதுதான் புதிது. மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினமும் சக மருத்துவர்களும் விசாரித்தபோது, பலருக்கு முன்பு காய்ச்சல் வந்து போயிருந்தது. ரத்தப் பரிசோதனை லெப்டோஸ்பைராவைக் காட்டியது. கண்ணுக்குள் இருக்கும் நீரை எடுத்து டிஎன்ஏ தேடியபோது அங்கேயும் அதன் தடம் கிடைத்தது. 73 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1997இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளியானது.

கண்ணும் சிறுநீரக நுண்குழாயும் ஒரு விதத்தில் ஒன்று. எதிர்ப்புப் படைகள் சண்டை போட்டால் பார்வையே போய்விடும் என்பதால், உடம்பு கண்ணுக்குள் அவற்றை அளவோடுதான் விடுகிறது. கிருமிக்கு அது இன்னொரு ஒளிவிடம். குதிரைகளுக்கு இது பழைய கதை. விட்டு விட்டு வந்து கடைசியில் குருடாக்கும் கண் அழற்சியைக் குதிரைக்காரர்கள் நிலவோடு முடிச்சுப்போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு லெப்டோஸ்பைரா ஒரு முக்கியக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. குதிரை ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. கிருமியின் சில புரதங்களை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள், கண்ணின் சொந்தப் புரதங்களையும் தவறாகப் பிடித்துக்கொள்கிறது. மதுரை நோயாளிகளுக்கு ஆறுதலான செய்தி, சரியாகக் கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. சிக்கல், கண்டுபிடிப்பதில். சேற்றில் நின்ற நாளுக்கும் கண் சிவந்த நாளுக்கும் இடையில் பல மாதம் கடந்திருக்கும். கண் மருத்துவரிடம் போன வருடத்து நடவைப் பற்றி யார் சொல்வார்கள்?

உத்திரமேரூருக்குச் சற்றே வடகிழக்கில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு மருத்துவமனையைப் பதிவு செய்திருக்கிறது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், பணிப்பெண்கள், கையிருப்பு மருந்துகளின் பட்டியல் என்று எல்லாம் கணக்கோடு வெட்டியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில், ஏரிப் பாசனத்துக்கு நடுவில் இருந்த அந்தப் படுக்கைகளில் என்னென்ன காய்ச்சல்கள் கிடந்தனவோ. இன்றைய மருத்துவருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தலைவலி குறைந்தபாடில்லை. டெங்கு, டைபாய்டு, நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ், லெப்டோஸ்பைரா, நாலும் ஒரே வாரத்தில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். நாலுக்கும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி.

லெப்டோஸ்பைராவுக்கு நம்பகமான பரிசோதனை மேட் எனப்படுவது. பலவகை லெப்டோஸ்பைராக்களை உயிரோடு வளர்த்து வைத்திருக்க வேண்டும். நோயாளியின் ரத்தநீரைப் படிப்படியாக நீர்த்து ஒவ்வொன்றோடும் கலந்து, கறுப்புப் பின்புலத்தில் கண் வலிக்கப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த சுருள்களில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால், அந்த அளவுவரை எதிர்ப்பொருள் இருக்கிறதென்று அர்த்தம். பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் போன்ற சில இடங்களில்தான் இதற்கான கிருமி வரிசை பராமரிக்கப்படுகிறது. முடிவு வருவதற்குள் நோயாளி ஒன்று குணமாகியிருப்பார், அல்லது சிறுநீரகம் கெட்டிருக்கும். முதல் வாரத்தில் ரத்தத்தில் டிஎன்ஏ தேடலாம். அதற்கு வசதி வேண்டும். எதிர்ப்பொருள் தேடும் எளிய கிட், முதல் நாலைந்து நாளில் இல்லை என்றே சொல்லும். அந்த 'இல்லை'யை நம்பி அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஆகவே சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் தொடங்குவது நடைமுறையாகியிருக்கிறது. ஒரே மாத்திரை லெப்டோஸ்பைராவையும் ஸ்க்ரப் டைபஸையும் சேர்த்துப் பிடிக்கும். பென்சிலின் முதலாவதை மட்டும்தான். முன்கூட்டியே கொடுத்துத் தடுக்கவும் முடியும். பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1984இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு. 2018 வெள்ளத்தின்போது கேரளம் மீட்புப் பணியாளர்களுக்கு இதை வீசாத குறையாக விநியோகித்தது. மூன்று வாரப் பயிற்சிக்கும் ஒரு வெள்ளத்துக்கும் இது சரி. வருடா வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்க முடியாது.

ஆய்வகம் கைகொடுக்காத இடத்தில் மருத்துவர்கள் புள்ளி போட்டுக் கணிக்கிறார்கள். ஆஸ்திரேலியரான சாலி ஃபைன் உருவாக்கிய பட்டியலில், விலங்கோடோ அசுத்தத் தண்ணீரோடோ தொடர்பு இருந்தால் 10 புள்ளி. இந்தியச் சூழலுக்கு ஏற்ப அதைத் திருத்தி 2004இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவர் எஸ். சிவகுமார். அதே 10 புள்ளியை அந்தத் திருத்தம் மூன்றாகப் பிரித்தது. மழைக்கு 5, அசுத்தமான ஈரச் சூழலில் புழங்கியதற்கு 4, விலங்குத் தொடர்புக்கு 1. எலியைக் கண்டாயா என்று கேட்டால் கிராமத்தில் எல்லோரும் கண்டேன் என்றுதான் சொல்வார்கள். அதற்கு 1 புள்ளியே அதிகம். மழையைக் காலண்டரே சொல்லிவிடும். நடுவில் உள்ள 4 புள்ளிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. நோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஒரே சொல் எழுதிவிட்டு நகர்ந்தால் அந்தப் புள்ளியைப் போட வழியில்லை. கடந்த மூன்று வாரத்தில் எந்தக் கழனியில் இறங்கினார், நடவா களையா, மாட்டுக் கொட்டகை கழுவினாரா, காலில் சேற்றுப்புண் இருந்ததா என்று கேட்க வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும்.